சோற்றில் குளம் கட்டுகிற பிள்ளைகளைத் தடுக்காதீர்கள்: முன்பள்ளி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

எங்கள் பகுதி முன்பள்ளிகளுக்குப் பொறுப்பாக இருக்கிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். நான் முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற ஊர் ஒன்றில் முன்பள்ளி ஆசிரியை. சென்ற மாதக் கூட்டத்தில் நீங்கள் வாயால் சொன்னது இப்போது கடிதமாகவும் வந்துவிட்டது. அடுத்த தவணையிலிருந்து தாய்மார் முறை வைத்துச் சமைக்கிற காலைச் சாப்பாடு நிற்கும். அதற்குப் பதிலாகப் பிஸ்கற் பக்கெற்றும் இனிப்புப் பாலும் வரும். சாப்பாட்டுக்கு 20 நிமிடம். சாப்பாட்டை வைத்து உருவம் செய்வது, கதை சொல்வது, அதையொட்டிச் செயற்பாடு செய்வது எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். மிச்சப்படுகிற நேரத்தில் கொப்பியில் எழுத்துப் பயிற்சி. கூட்டத்தில் கேள்வி கேட்க நேரம் தரப்படவில்லை. அதனால் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். இந்தத் தீர்மானத்தை என்னால் ஏற்க முடியாது.

கடிதத்தில் காரணங்களும் சொல்லியிருக்கிறீர்கள். சாப்பாட்டோடு விளையாடுவது கெட்ட பழக்கம். சோறு வீணாகிறது. இடம் அழுக்காகிறது. தரம் 1க்குப் போகிற பிள்ளைக்கு எழுதத் தெரியவில்லை என்று பெற்றோர் குறைப்படுகிறார்கள். இவற்றுக்கெல்லாம் பதில் சொல்வேன். அதற்கு முன், நீங்கள் நிறுத்தச் சொல்கிற வேலை எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். எங்களிடம் வந்த அலுவலர்கள் வரவுப் பதிவேட்டைப் பார்த்தார்கள், மலசலகூடத்தைப் பார்த்தார்கள், கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்கள். சாப்பாட்டு வேளைவரை ஒருவரும் நிற்கவில்லை.

மாரி தொடங்கிக் குளம் நிரம்பிவருகிற நாட்களில் எங்கள் பிள்ளைகளின் கதையெல்லாம் தண்ணீரைப் பற்றித்தான். வான் பாயுதாம், கதவு திறந்திட்டாங்களாம் என்று வீட்டில் பெரியவர்கள் கதைப்பதைக் கேட்டுவிட்டு வருவார்கள். அந்த நாட்களில் சோறும் பருப்பும்தான் எங்கள் சாப்பாடு. ஒவ்வொரு பிள்ளையும் தன் கோப்பையில் சோற்றைக் கையால் அணைத்து வட்டமாகக் குளக்கட்டு கட்டும். நடுவில் நாங்கள் பருப்பை ஊற்றுவோம், குளம் நிரம்பிவிடும். ஒரு பக்கம் முருங்கையிலை வறை வைத்தால் அது அலைகரைக் காடு. அவித்த பயற்றங்காய்த் துண்டு முதலை. பிறகு துருசு, அதாவது குளத்து மதகு, திறக்க வேண்டும். சுண்டு விரலால் கட்டில் ஒரு வழி விட்டால் பருப்பு வாய்க்காலாக ஓடிவரும். தண்ணீர் பாய்ந்த பக்கத்து வயலை முதலில் சாப்பிட வேண்டும், பிறகு முதலையை, பிறகு காட்டை. கடைசியில் கட்டு உடையும். உடைந்த கட்டையும் சாப்பிட்டு முடிக்காவிட்டால் ஊருக்குள் வெள்ளம் வந்துவிடும். இந்தச் சட்டங்களை நாங்கள் போடவில்லை, பிள்ளைகளே போட்டார்கள். வெள்ளம் வந்தால் என்ன நடக்கும் என்று வன்னியில் பிறந்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு சோறும் மிஞ்சாது.

கடந்த மாரியில் நடந்ததைச் சொல்கிறேன். நாலு வயதுப் பையன் ஒருவன், நேசறிக்கு வந்த நாளிலிருந்து யாரோடும் வாய் திறந்து கதைத்ததில்லை. தலையாட்டுவான், அவ்வளவுதான். அன்று பக்கத்துப் பிள்ளையின் குளத்தில் கட்டு இளகிப் பருப்பு மெல்லக் கசியத் தொடங்கியது. இவன் எழும்பி, "ரீச்சர், கட்டு கசியுது, மண் போடுங்கோ!" என்று கத்தினான். யாரும் வருமுன்னே தன் கோப்பையிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்து அந்தக் கசிவில் வைத்து அமத்தினான். அமத்திவிட்டு விரலின் பின்பக்கத்தால் தடவிச் சரிபார்த்தான். வயலில் தகப்பன் வரம்பை அடைப்பதை அவன் எத்தனை தரம் பார்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து அவன் கதைக்கிறான். அவனுடைய அம்மா அடுத்த நாள் வந்து கேட்டார், என்ன செய்தீர்கள் என்று. பருப்பும் சோறும் கொடுத்தோம் என்றுதான் சொன்னேன்.

சாப்பாடு முடிந்து கை கழுவியதும் வெளியே போவோம். மணலில் அதே குளத்தைப் பெரிதாகக் கட்டுவார்கள். போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள். மணல் தண்ணீரைக் குடித்துவிடும், களி பிடித்து வைத்திருக்கும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். எத்தனை போத்தல் ஊற்றினால் குளம் நிரம்பும் என்று எண்ணுவார்கள். சண்டை பிடிப்பார்கள், சமாதானமாவார்கள். மேல் வயலுக்கு முதலில் தண்ணீரா கீழ் வயலுக்கா என்று அங்கே ஒரு கமக்காரர் கூட்டமே நடக்கும். எண், அளவு, காரணம், சொல்வளம், கூடி வேலை செய்தல் என்று பயிற்சிநெறியில் நீங்கள் எங்களுக்குத் தனித்தனித் தலைப்பாகப் படிப்பித்தவை எல்லாம் அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் வந்துவிடுகின்றன.

இன்னொரு நாள் இடியப்பம். இடியப்பத்தைச் சுருட்டி நடுவில் குழி வைத்தால் குருவிக்கூடு, அதற்குள் அவித்த முட்டையில் பாதி. பனையில் தொங்குகிற தூக்கணாங்குருவிக் கூட்டைப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, வைக்கோலும் ஈர்க்கும் வைத்துக் கூடு பின்னப் பார்ப்பார்கள். பின்ன வராது. குருவிக்குக் கை இல்லையே, எப்படிச் செய்தது என்று கேட்பார்கள். குழல்பிட்டு நாளில் பிட்டு பனைமரமாகும், மேலே கீரை ஓலையாகும். அதற்குப் பிறகு நுங்குக் கோம்பையில் வண்டில். ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும். கொழுக்கட்டை மாவை ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஓர் உருண்டை கொடுத்துவிட்டால் மீன், பாம்பு, ஆமை, உழவு இயந்திரம் என்று என்னென்னவோ வரும். அவித்து எடுத்ததும் தன்னுடையது எது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். தான் செய்ததை வேண்டாம் என்று தள்ளிய பிள்ளையை நான் இன்னும் காணவில்லை.

இதற்கெல்லாம் தனியாக ஒரு சதமும் செலவில்லை. சமைக்கிற சாப்பாடு அதேதான்.

இப்போது உங்கள் காரணங்களுக்கு வருகிறேன்.

சாப்பாட்டோடு விளையாடுவது கெட்ட பழக்கம் என்கிறீர்கள். இந்தக் காரணத்தை நான் லேசாக எடுக்கவில்லை. நாங்கள் பட்டினி கண்ட சனம். சோறு கீழே சிந்தினால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடுகளில் வளர்ந்தவர்கள். இந்த மண்ணில் சோற்றை வைத்து விளையாடலாமா என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டபோது அவருடைய குரல் தடுமாறியதை நானும் கேட்டேன். அவருக்காகவே இதைச் சொல்கிறேன். 2009 இல் நாங்கள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியாகக் கடற்கரைப் பக்கம் வந்துவிட்டோம். பங்கருக்குள் இருந்த என் தம்பிக்கு அப்போது நாலு வயது. இருந்தது அரிசிக் கஞ்சி மட்டும். உப்புக்கூடச் சில நாட்களில் இல்லை. அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்புவான். எங்கள் அப்பாச்சி ஏதாவது ஓர் இலையைக் கிள்ளி அந்தக் கஞ்சியில் மிதக்கவிடுவார். "தோணி வருது, துறையைத் திற" என்பார். தம்பி வாயைத் திறப்பான். தோணி கரை சேர்ந்ததும் அடுத்த தோணி புறப்படும். மேலே ஷெல் கூவிக்கொண்டு போகும், கீழே தோணி வந்துகொண்டிருக்கும். கோப்பை வெறுமையாகும்வரை அப்பாச்சி அந்தத் தோணியை நிறுத்தவில்லை.

சோற்றின் அருமை தெரியாதவர் செய்த விளையாட்டா அது? அருமை தெரிந்ததால்தானே செய்தார். ஒரு பருக்கை வீணாகாமல் பிள்ளையின் வயிற்றுக்குள் போக வேண்டும் என்பதற்காகச் செய்தார். ஒவ்வொரு மே மாதமும் அந்த நாட்களை நினைத்துச் சிரட்டையில் கஞ்சி கொடுக்கிறோம், குடிக்கிறோம். அந்தக் கஞ்சியோடு அப்பாச்சியின் தோணியும் எங்களிடம் வந்திருக்கிறது. அதைத்தான் நான் முன்பள்ளியில் வைத்திருக்கிறேன்.

இது எங்களுக்குப் புதிதும் இல்லை. பிள்ளைக்கு முதல் பல் முளைத்தால் பல்லுக்கொழுக்கட்டை அவிக்கிறோம். கொழுக்கட்டையில் தேங்காய்ச் சொட்டைப் பல்லாகக் குத்தி, பிள்ளையைப் பாயில் இருத்தித் தலையில் கொட்டுகிறோம். முன்னால் ஏடு, பேனை, நகை என்று பரப்பி வைத்து எதை எடுக்கிறது பார்ப்போம் என்று சுற்றி நின்று கைதட்டுகிறோம். சாப்பாடும் உருவமும் விளையாட்டும் சேர்ந்த கொண்டாட்டம் அது. உங்கள் பிள்ளைகளுக்கும் செய்திருப்பீர்கள். ஒன்பது மாதத்தில் வீட்டில் மகிழ்ச்சியாகச் செய்கிற ஒன்று நாலு வயதில் முன்பள்ளியில் எப்படிக் கெட்ட பழக்கமாகும்?

வீணாவது பற்றி. மூன்று, நாலு வயதுப் பிள்ளை புதிய சாப்பாட்டைக் கண்டால் பயப்படுவது வளர்ச்சியின் ஒரு பகுதி. ஒரு புதிய உணவை ஏற்றுக்கொள்ளப் பிள்ளைக்கு எட்டு முதல் பதினைந்து தடவைவரை அதைக் கொடுத்துப் பார்க்க வேண்டி வரலாம் என்பது ஊட்டச்சத்துத் துறையில் நன்கு தெரிந்த விடயம். தொட்டு, மணந்து, பிசைந்து பழகிய உணவை வாயில் வைக்கப் பிள்ளை குறைவாகப் பயப்படும். கட்டாயப்படுத்தினால் இன்னும் தள்ளிப்போகும். இலைக்கஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வல்லாரை, முசுட்டை, முல்லை, முருங்கை என்று பச்சைப் பசேலென்று இருக்கும். முதல் தடவை எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மேல் மூக்கைப் பொத்தினார்கள். ஊற்றிவைத்துக் குடி குடி என்று நின்றிருந்தால் அவ்வளவும் வாளிக்குள் போயிருக்கும். நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேலியோரம் போனோம். எந்த இலை எது என்று பிடுங்கினார்கள், கசக்கி மணந்தார்கள், கழுவினார்கள், இலையைத் தாளில் வைத்துப் பச்சை அச்சுக் குத்தினார்கள். அந்த இலை கஞ்சிக்குள் போவதையும் பார்த்தார்கள். அன்று ஒரு மிடறு, அடுத்த முறை அரைச் சிரட்டை. இப்போது இன்னும் இருக்கா என்று கேட்கிறார்கள். திரிபோஷவும் அப்படித்தான். சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த நல்ல மா, நிறை குறைந்த பிள்ளைக்கென்று அரசாங்கம் கொடுப்பது. பல வீடுகளில் பிள்ளை தொடாது, பெரியவர்கள் தின்று முடிப்பார்கள். அதைத் தேங்காய்ப்பூவோடு குழைத்து, பிள்ளைகளே உருட்டி, யார் உருண்டை பெரிது என்று பார்த்து, பிறகு தின்கிறார்கள். எங்கள் முன்பள்ளியில் வாளிக்குப் போகிற சாப்பாடு குறைந்ததை நான் கண்ணால் பார்க்கிறேன். சோறு வீணாகக்கூடாது என்று நீங்களும் நானும் ஒன்றாகத்தான் நினைக்கிறோம். அதற்கு வழி விளையாட்டை விடுவது என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

எழுத்து பற்றிப் பெற்றோர் குறைப்படுவது உண்மை. அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். காணி, வீடு, நகை எல்லாம் போன சனத்துக்குப் பிள்ளையின் படிப்பு ஒன்றுதான் மிச்சம். கொப்பியில் 'அ' எழுதியிருந்தால் பிள்ளை படிக்கிறது என்று நெஞ்சு ஆறும். ஆனால் உங்களுக்குத் தெரியும், பென்சில் பிடிக்கப் பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் பழக வேண்டும், தோளும் மணிக்கட்டும் உரம் பெற வேண்டும். பயற்றில் கல் பொறுக்குகிற பிள்ளை எதைப் பழகுகிறது? கொழுக்கட்டை விளிம்பைக் கிள்ளி மடிக்கிற பிள்ளை? முட்டைக் கோதை உரிக்கிற பிள்ளை? மரியா மொன்ரிசோரி 1907 இல் ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் முதல் சிறுவர் இல்லத்தைத் தொடங்கினார். பிள்ளைகளைத் தண்ணீர் ஊற்றவும், மேசை துடைக்கவும், உணவு பரிமாறவும் விட்டார். எழுத்து அதன் பிறகு வந்தது. அவர் 1944 இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். முன்பள்ளியையே மொன்ரிசோரி என்று கூப்பிடுகிற நாடு இது. எங்கள் ஊர்ப் பாடசாலையில் தரம் 1 எடுக்கிற ரீச்சரிடம் கேட்டேன், எங்கள் பிள்ளைகள் எப்படி என்று. எழுத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. இவர்கள் கேள்வி கேட்கிறார்கள், சாப்பாட்டுப் பெட்டியைத் தாங்களே திறக்கிறார்கள், கேட்டதைத் திருப்பிச் சொல்கிறார்கள் என்றார். எழுத்து இரண்டு மாதத்தில் வந்துவிடும், மற்றதைத்தான் தன்னால் ஊட்ட முடியாது என்றார்.

பெற்றோரின் பயத்தைத் தீர்க்க வேண்டியது எங்கள் பொறுப்பு. அதற்காக நாலு வயதுக் கையில் ஒரு மணித்தியாலம் பென்சிலைத் திணிக்க வேண்டாம். ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமை என்கிறது. இலங்கை அதை 1991 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஒக்ரோபர் 1 சிறுவர் தினத்துக்கு அந்தச் சமவாயத்தை மேடையில் வாசிக்கிறோம். மற்ற நாட்களிலும் அது பிள்ளைக்கு வேண்டும்.

இனிப் பக்கெற். சமைத்த சாப்பாட்டை எடுத்துவிட்டுப் பிஸ்கற்றும் இனிப்புப் பாலும் கொடுப்பது கணக்கு எழுத வசதியாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். பெட்டி எண்ணினால் போதும். ஆனால் எங்கள் பிள்ளைகளின் வாயைத் திறந்து பாருங்கள். மூன்று வயதில் முன்வரிசை முழுக்கச் சூத்தைப் பல். காலையில் ஒரு பிஸ்கற்றும் தேநீரும் குடித்துவிட்டு வருகிற பிள்ளைக்குப் பத்து மணிக்கும் அதே சீனியா? பானங்களில் சீனி எவ்வளவு என்று காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் போடச்சொல்லி 2016 இலேயே அரசாங்கம் விதி கொண்டுவந்தது. ஒரு கையால் எச்சரித்துவிட்டு மறுகையால் அதையே கொடுக்கக்கூடாது. 2022 நெருக்கடியில் பால்மாவும் எரிவாயுவும் கிடைக்காமல் கடைகள் வெறுமையாகக் கிடந்தபோது எங்கள் பிள்ளைகள் பசியாமல் இருந்தது எதனால்? வீட்டுக் கோடியில் நின்ற முருங்கையாலும், வயலில் விளைந்த கௌபியாலும் பயறாலும், விறகடுப்பாலும். பக்கெற் வரத் தொடங்கினால் அந்தக் கௌபியை யாரிடமும் வாங்க மாட்டீர்கள். நெருக்கடி திரும்பவும் வந்தால் பக்கெற்றும் வராது, சமைக்கிற பழக்கமும் விட்டுப்போயிருக்கும்.

பக்கெற்றில் இன்னொன்றும் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இப்போது எங்களிடம் பிள்ளை விடுகிற தாய்மாரில் பலர் 2009 இல் சின்னப் பிள்ளைகள். செட்டிகுளத்தில் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று வளர்ந்தவர்கள். அவர்களுக்கு யாரும் நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டவில்லை. ஊட்ட வேண்டியவர்களில் சிலர் உயிரோடு இல்லை, இருந்தவர்களுக்கு மனம் இல்லை. அவர்கள் தங்கள் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கும்போது வேகமாகக் கொடுக்கிறார்கள், முடி முடி என்கிறார்கள், பிள்ளை துப்பினால் அடிக்கிறார்கள். போனைக் கொடுத்துவிட்டு ஊட்டுகிறவர்களும் உண்டு. பாசமில்லாமல் இல்லை, பார்த்ததில்லை. முறைக்குச் சமைக்க வருகிற நாளில் இவர்கள் எங்களோடு இருந்து குளம் கட்டுகிறார்கள், குருவிக்கூடு செய்கிறார்கள். ஒரு தாய் தன் மகளின் கூட்டுக்குள் முட்டையை வைத்துவிட்டு, தனக்கும் ஒரு கூடு செய்து, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிள்ளை எழும்பிப் போன பிறகும் இருந்தார். சமையலை நிறுத்தினால் இந்தத் தாய்மார் முன்பள்ளிப் படலையோடு நின்றுவிடுவார்கள்.

சுத்தம், பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்பது நியாயம், அதில் வாதமில்லை. விளையாடுமுன் எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுகிறோம், கை கழுவுவதற்கே ஒரு பாட்டு வைத்திருக்கிறோம். ஒருவர் கோப்பைக்குள் மற்றவர் கை வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறோம் (குளம் கசிந்த அன்று மட்டும் நானே விட்டுவிட்டேன்). முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, கடின இனிப்பு எதுவும் பிள்ளை வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்கிறோம், தொண்டையில் அடைக்கும். கொதிக்கிற பானைப் பக்கம் பிள்ளைகள் வரமாட்டார்கள். எங்களுக்குக் குறை இருப்பது தண்ணீரில். வரட்சிக் காலத்தில் கிணறு கலங்கிவிடும். சமைக்கிற இடத்துக்குக் கூரை இருக்கிறது, சுவர் இல்லை. நாய் வரும், புகை வகுப்புக்குள் அடிக்கும். இவற்றைத் திருத்தித் தரும்படி நாங்கள் கொடுத்த கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. திருத்த வேண்டியதைத் திருத்தாமல் விட்டு, சுத்தம் இல்லை என்று சமையலையே நிறுத்துவது சரியில்லை.

தாய்மாரின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. முறை வருகிற நாளில் கூலிக்குப் போகிற தாய்க்கு அன்றைய சம்பளம் போகிறது. தனியாகக் குடும்பத்தைத் தாங்குகிற பெண்கள் இங்கே நிறையப் பேர். அவர்கள் முறை வேண்டாம் என்று சொல்வது சோம்பலால் இல்லை. அந்தக் கரைச்சலைத் தீர்க்கப் பக்கெற் வேண்டியதில்லை, சமைக்கிறவருக்குச் சம்பளம் கொடுத்தால் போதும். ஊரில் ஒரு பெண்ணுக்கு வேலையும் ஆகும்.

ஆகவே நான் கேட்பவை இவை. சமைத்த காலைச் சாப்பாட்டை நிறுத்தி பக்கெற் கொடுக்கிற தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். அதற்கான காசை மாதம் பிந்தாமல் அனுப்புங்கள், கடையில் எங்கள் பெயரில் கடன் எழுதி எத்தனை நாள் ஓட்டுவது. சாப்பாட்டுக்கும் அதையொட்டிய செயற்பாட்டுக்கும் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, அதைக் கற்றல் நேரமென்றே நேரசூசியில் எழுதுங்கள். சாப்பாட்டை வைத்து உருவம் செய்யக்கூடாது, கதை சொல்லக்கூடாது என்ற வரியைக் கடிதத்திலிருந்து நீக்குங்கள். கொப்பியில் எழுத்துப் பயிற்சியைக் கட்டாயமாக்காதீர்கள். அதற்குப் பதில் பெற்றோரைக் கூப்பிட்டு, எழுதுமுன் கை எப்படிப் பழக வேண்டும் என்று நாங்கள் விளக்க ஒரு நாள் ஒழுங்குசெய்து தாருங்கள், நீங்களும் வாருங்கள்.

ஒவ்வொரு முன்பள்ளிக்கும் சமைப்பதற்கு ஊரிலிருந்து ஒருவரை எடுத்துச் சம்பளம் கொடுங்கள். விரும்புகிற தாய்மார் உதவிக்கு வந்து பிள்ளையோடு இருக்கட்டும். சமையல் கொட்டிலுக்குச் சுவரும், தண்ணீர்த் தாங்கியும், குடிநீர் வடிகட்டியும் தாருங்கள். அரிசி, கௌபி, பயறு, கீரை, முட்டையை ஊரிலேயே வாங்க அனுமதியுங்கள், பற்றுச்சீட்டு இல்லாத கமக்காரரிடமும் வாங்கும்படி ஒரு வழி செய்யுங்கள்.

தீர்மானத்தை முடிவாக்குமுன் உங்களில் ஒருவர் சாப்பாட்டு வேளையில் வந்து, பிள்ளைகளோடு பாயில் இருந்து, அதே சோற்றைச் சாப்பிட்டுப் பாருங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வர வேண்டியதில்லை. எந்த நாளும் எங்களுக்குச் சரி.

அடுத்த தவணை தொடங்குமுன் இதற்கு எழுத்தில் பதில் தாருங்கள். எனக்கு மட்டும் வேண்டாம், எங்கள் பகுதி முன்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அனுப்புங்கள். தாய்மாரும் வாசிக்கும்படி தமிழில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
முன்பள்ளி ஆசிரியை ஒருவர்
முல்லைத்தீவு மாவட்டம்